இருபதுக்கு நேரே ஒரு டிக்

செப்டம்பர் 2, திங்கள்

22ஆம் தேதி சைமாவின் அம்மாவுக்கு நாற்பதாம் நாள். அதற்குள் முழுக் குர்ஆனையும் ஓதி, அந்த நன்மையை அம்மாவுக்குச் சேர்க்க வேண்டும் என்று சைமாவுக்கு ஆசை. முப்பது பாகங்களும் முப்பது தனிப் புத்தகங்களாகப் புதுப் பெட்டியில் வந்தன. தண்டையார்பேட்டையில் எங்கள் தெருப் பெண்கள் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டோம். எனக்கு இருபது. ஓதி முடித்தவர்கள் வாட்ஸ்அப் குழுவில் தங்கள் எண்ணுக்கு நேரே டிக் போட வேண்டும். யோசனை என்னுடையது.

அன்று பயான் உரை செய்யவும் என்னைத்தான் கேட்டார்கள். வேறு யாரைக் கேட்பார்கள்? தலைப்பு: ஆணவம்.

காசிமேட்டில் இறால் உரிக்கும் ஃபாத்திமாவும் ஒரு புத்தகம் எடுத்தாள். எழுத்துக்கு எழுத்து விரல் வைத்து ஓதுகிறவள். உலகம் அழியும் கியாமத் நாளுக்குள் முடித்தால் சரி.

செப்டம்பர் 10, செவ்வாய்

பயானுக்குக் காரூனைப் பிடித்துவிட்டேன். யூடியூபில் ஒரு ஹஜ்ரத் அருமையாகச் சொல்கிறார். இறைவன் கொடுத்த செல்வத்தை ‘என் அறிவால் வந்தது’ என்றான் காரூன். பூமி அவனை வீட்டோடு விழுங்கியது. ‘விழுங்கியது’ என்னும்போது கையைக் கீழே இறக்க வேண்டும். கண்ணாடி முன் நான்கு முறை செய்து பார்த்தேன்.

இருபதாம் புத்தகம் பீரோ மேல் இருக்கிறது. எனக்கு ஒரு மணி நேர வேலை.

செப்டம்பர் 18, புதன்

குழுவில் எழுதினேன்: “ஃபாத்திமா மட்டும்தான் பாக்கி போல.”

குரல் செய்தி அனுப்பினாள். “தப்பா ஓதிட்டா பாவம்னு ஒரு வரிய நாலு தபா ஓதிகினு கீறேன்க்கா. முடிச்சுட்றேன்.”

பாவம்தான்.

செப்டம்பர் 21, சனி

ஃபாத்திமா டிக் போட்டுவிட்டாள். உடனே சைமா கேட்கிறாள், “ரஹீமுன்னிசா அக்கா, இருபது?” இருபத்தொன்பது டிக்குக்கு நடுவே ஒரே ஓட்டை, அதுவும் என்னுடையது! சட்டென்று டிக் போட்டேன். பொய் இல்லை, சாயங்காலம் ஓதிவிடப் போகிறேனே.

சாயங்காலம் நாத்தனார் வந்துவிட்டாள்.

செப்டம்பர் 22, ஞாயிறு

காரூன் விழுங்கப்பட்டபோது அழாதவர் இல்லை. கை சரியான இடத்தில் இறங்கியது. முப்பதும் முடிந்தது என்று சொல்லி எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத் துஆ ஓதினார். சைமா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “எங்கம்மாக்கு முழு குர்ஆனும் போய் சேந்துச்சுக்கா.”

அந்த நேரத்தில் ஆமீன் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புத்தகத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு வந்தேன். பிரியாணி நன்றாக இருந்தது.

செப்டம்பர் 29, ஞாயிறு

ஃபாத்திமா வந்தாள், கையில் இருபதாம் புத்தகம். என் பயானைக் கேட்டு, காரூன் கதையைத் தானே ஓதிப் பார்க்க ஆசைப்பட்டுப் பெட்டியிலிருந்து எடுத்துப் போனாளாம். காரூன் கதை இருபதாம் பாகத்தில்தான் இருக்கிறது. எனக்கு அது தெரியாது!

“பக்கமெல்லாம் மேல ஒட்டிக்கினு கீதுக்கா. அச்சாபீஸ்ல வெட்டாமலே வுட்டுட்டானுங்க.”

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், “நீங்க பாக்காமலே ஓதிருப்பீங்க. உங்களுக்குத்தான் மனப்பாடமாச்சே.”

“ம்” என்றேன்.

“பிளேடு வெக்கட்டாக்கா?”

அதற்கும் “ம்”.

அக்டோபர் 1, செவ்வாய்

பக்கத்து வீட்டுக்காரி எங்கள் ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். இன்று தெருவுக்கே எனக்கு இருபதாம் பாகம் மனப்பாடம். மதரஸா ஆண்டு விழாவில் மேடையேறிப் பார்க்காமல் ஓத வேண்டுமாம்.

துறைமுக வேலையிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் மதார் சாகிப், “எப்போம்மே மனப்பாடம் பண்ணே? நான் ஷிப்டுக்குப் போனப்பவா?” என்றார். சிரிக்கவும் இல்லை, மனுஷன்.

பூமி விழுங்காதா என்று இருக்கிறது. காரூனுக்காவது சீக்கிரம் முடிந்தது.

அக்டோபர் 4, வெள்ளி

ஃபாத்திமாவிடம் புத்தகத்தை வாங்கி வந்து ஓதினேன். ஒவ்வொரு பக்கமும் பிசிறில்லாமல் வெட்டியிருந்தது. காரூன் வந்த இடத்தில் நாக்கு நின்றுவிட்டது. கையை எங்கே இறக்குவது என்று நினைத்தேனே தவிர, அது யாருக்குச் சொன்னது என்று ஒரு தடவையாவது நினைத்தேனா?

ஒரு மணி நேரத்தில் முடியவில்லை.

அக்டோபர் 5, சனி

குழுவில் எழுதினேன்: “இருபதை ஓதாமலே டிக் போட்டேன். நேற்றுதான் ஓதினேன். எனக்கு மனப்பாடமும் இல்லை. மன்னியுங்கள்.”

வந்த பதில்கள்: “மாஷா அல்லாஹ், என்ன பணிவு!” “பெரியவங்க இப்படித்தான் தங்களை மறைச்சுக்குவாங்க.” மதரஸாக்காரர்கள், மேடையில் இந்தப் பணிவைப் பற்றியே பேசச் சொல்கிறார்கள். முடியாது என்றேன். அதுவும் பணிவாம்.

சைமா வீட்டுக்கு நேரில் போனேன். அவளாவது நம்ப வேண்டும். அவள் அம்மாவுக்குச் சேர வேண்டியது அல்லவா? சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

“இருபதாக்கா? அத ஃபாத்திமா நாலு ராத்திரி முழிச்சு, முந்தாநாள்தான் புதுசா எங்கம்மா பேருக்கு ஓதித் தந்தாளே. எதுக்குடின்னேன். சும்மா பழகிக்கினேன்னு சொன்னா.”

நான் ஓதவில்லை என்று அன்றைக்கே தெரிந்திருக்கிறது ஃபாத்திமாவுக்கு. என் ஓட்டையை அடைத்துவிட்டு, வெளியே தெரியாமல் மூடியும் வைத்திருக்கிறாள். நான் அவளைக் குழுவில் பெயர் சொல்லி எழுதினேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

அடுத்த தெருவில் ஒரு மௌத், வயதானவர் இறந்துவிட்டார். மறுபடி முப்பது புத்தகங்கள், மறுபடி டிக். தினமும் அஸர் தொழுகைக்குப் பிறகு ஃபாத்திமா பக்கத்தில் உட்கார்ந்து, விரல் வைத்து ஓதுகிறேன். இன்னும் ஆறு பக்கம் இருக்கிறது.

குழுவில் யாரோ எழுதியிருக்கிறார்கள்: “ரஹீமுன்னிசா அக்கா மட்டும்தான் பாக்கி போல.”