ஈரச் சுவரைப் பார்த்துக்கொண்ட விடுமுறை

ஏப்ரல் 9
லீவு தொடங்கிவிட்டது. இந்த முறை உருப்படியாக ஏதாவது செய்வதென்று தீர்மானம். பக்கத்து வீட்டுச் சித்தப்பாவின் கோழி ஷெட்டுக்குப் போனேன். ஒரு கோடியில் தேன்கூடு மாதிரி மடித்த அட்டைச் சுவர். கூலிங் பேட் என்கிறார்கள். மேலே இருக்கும் குழாயிலிருந்து தண்ணீர் அதில் வழிகிறது. மறு கோடியில் ஆளுயர ஃபேன்கள் உள்ளே இருக்கும் காற்றை வெளியே இழுக்க, வெளிக்காற்று ஈர அட்டை வழியே குளிர்ந்து வருகிறது.
"ஆவியாதல் வெப்பத்தை உறிஞ்சும், சித்தப்பா" என்றேன்.
என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரிங்க டீச்சர். அந்த வாளிய எடுங்க."

ஏப்ரல் 12
விஷயம் இதுதான். சித்திக்கு இந்த மாதம் பிரசவம். மூத்தவள் பிறந்தபோது சித்தப்பா பழுதான பம்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மகளை மறுநாள்தான் பார்த்தார். இந்த வெயிலில் பம்ப் நின்றால் ஒரு கோழிகூட மிஞ்சாது என்பது அவர் நியாயம்.
சித்தி இன்றும் சொன்னார்: "இந்த வாட்டியும் கோழிதான் முக்கியம்னா, பேரையும் அதுங்களையே வைக்கச் சொல்லிடுங்க."
"ஷெட்டை நான் பாத்துக்கறேன். நீங்க ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றேன். இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். தம்பதி ஒற்றுமைக்கு என்னாலான உதவி.

ஏப்ரல் 13
தொட்டி வடிகட்டியில் பாசி. கழுவினேன். சாப்பாடு இறங்கவில்லை.

ஏப்ரல் 17
மகா முட்டாள். வேறு யார், நான்தான்.
காலையிலிருந்து மூடிய வானம், புழுக்கம். தீவனம் வாங்கப் போன சித்தப்பா, முதல் முறையாக, "பாத்துக்கோ" என்று என்னிடம் விட்டுப் போனார். கோழிகள் வாயைத் திறந்து இரைத்தன. தண்ணீர் பத்தவில்லை என்று வால்வை முழுக்கத் திறந்தேன். இன்னும் இரைத்தன. ரப்பர் குழாயை எடுத்து நானே அட்டைமேல் பீய்ச்சினேன். ஏதோ தீயணைப்புப் படை மாதிரி. ஏன் குறையல? புத்தகத்துல அப்படித்தானே இருந்துச்சு?
சொட்டச் சொட்ட நனைந்துபோய், உடை மாற்ற வீட்டுக்கு ஓடிக் கொடியைத் தொட்டேன் — காலையில் போட்ட துணி அப்படியே சொதசொதவென்று இருந்தது. அப்போதுதான் உறைத்தது. துணியே காயாத நாளில் அட்டையிலிருந்து என்ன ஆவியாகும்? கோழி இரைத்து உடம்புச் சூட்டை வெளியேற்றுவதும் ஆவியாகத்தான். காற்றை இன்னும் நனைத்து அதையும் கெடுத்திருக்கிறேன். ஓடிப்போய் பம்பை நிறுத்தி, ஃபேன்கள் எல்லாவற்றையும் போட்டேன். மெல்ல அடங்கின. நாலு கோழி மட்டும் எழவே இல்லை.
சித்தப்பா திட்டவில்லை. நாலையும் புதைத்துவிட்டு வந்து, சித்தியிடம், "நான் எங்கயும் வரல" என்றார்.
திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 18
அறிவியலில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கியவள் நான். அந்த ரெண்டு மார்க் எங்க போச்சுன்னு இப்பத் தெரியுது.

ஏப்ரல் 20
வெட்கமில்லாமல் மறுபடியும் போனேன். சித்தப்பா வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கைக்குட்டையை நனைத்துக் கொடியில் போட்டு, அது காயும் வேகத்தைப் பார்த்த பிறகுதான் இப்போதெல்லாம் பம்பைப் பற்றி யோசிக்கிறேன். "விஞ்ஞானிக்கு ஜலதோஷம்போல" என்கிறார் சித்தி.

ஏப்ரல் 24
நெருப்பு வெயில். மதியம் சித்திக்கு வலி வந்துவிட்டது. வண்டி வாசலில் நின்றது. சித்தப்பா வண்டிக்கும் ஷெட்டுக்கும் நடுவில், எந்தப் பக்கமும் போகாமல் நின்றார்.
நான் ஏணியில் இருந்தேன். ஈர அட்டையில் ஒரு கை அகலத்துக்குக் காய்ந்த பட்டை. அது வழியே அனல் அப்படியே உள்ளே வந்துகொண்டிருந்தது. குழாய்த் துளைகளில் உப்பு கட்டியிருந்தது. ஹேர்பின்னால் ஒவ்வொன்றாகக் குத்திவிட்டு, குழாயின் கோடியில் இருந்த மூடியைத் திறந்து கசடை வெளியேற்றினேன். பாதி என் தலையில். பட்டை மேலிருந்து மெல்ல நனைந்து இறங்கியது. சித்தப்பா கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.
"பம்ப எப்ப நிறுத்துவ?"
"வெயில் தணிஞ்சதும். மேகம் போட்டா முன்னாடியே."
"கரண்ட் போச்சுன்னா?"
"ஜெனரேட்டர். அதுவும் ஓடலன்னா ஷெட்டோட பக்கத் திரையெல்லாம் இறக்கி வெளிக்காத்து வர விடுவேன். அப்புறம் அழுவேன்."
வண்டிக்குள்ளிருந்து சித்தி, "நீங்க நிதானமா பேசி முடிங்க, நான் இங்கயே பெத்துக்கறேன்" என்றார்.
சித்தப்பா ஓடினார். ஒரு செருப்பு இங்கேயே கிடக்கிறது.

ஏப்ரல் 25
பையன். ராத்திரி அப்பா ஷெட்டில் எனக்குத் துணைக்கு இருந்தார். அதாவது, குறட்டை விட்டார்.
சித்தப்பா காலையில் ஒரு முறையும் மதியம் ஒரு முறையும் போன் செய்தார். வெப்பம், ஈரப்பதம், தொட்டி மட்டம் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து தயாராக வைத்திருந்தேன். மூக்கு யார் மாதிரி, விரல் எவ்வளவு நீளம், கொட்டாவி விட்டால் எப்படி இருக்கிறான் — இரண்டு முறையும் இதே பேச்சு. கோழிகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.