நாய் குறுக்கே வரவில்லை

ஜனவரி 27

தண்ணீர் கேன் வண்டி இன்று அடி அண்ணாமலைப் பக்கம் போனது. என் கிளாஸ் பசங்க சைக்கிளில் எதிரே வந்தார்கள். கேனுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். பிளஸ் ஒன் காலாண்டோடு நின்றவன் நான். இன்னும் அந்த யூனிஃபார்மைப் பார்த்தால் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கூட லோடு ஏற்றும் செழியன், "இன்னாடா, போலீஸப் பாத்த மாதிரி பதுங்குற?" என்று சிரித்தான். சாயங்காலம் மாத்திரை கொடுத்தான். முதுகு வலிக்கு என்று ஆரம்பித்தது. இப்போது முதுகு வலிக்காத நாளிலும் வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 3

ரேவதி அக்காவுக்குக் கை உடைந்துவிட்டது. வலது கை. என்னால்.

பிப்ரவரி 4

நேற்று அதற்குமேல் எழுத முடியவில்லை.

அக்கா ஸ்கூல் பஸ்ஸை விட்டுவிட்டாள். "நான் விடறேன் வா" என்று அப்பாவின் பைக்கை எடுத்தேன். லைசென்ஸ் கிடையாது. காலையிலேயே மாத்திரை போட்டிருந்தேன். வேங்கிக்கால் தாண்டி ஒரு வளைவு. ரோடு காலி. லாரி இல்லை, மழை இல்லை. எனக்குக் கண் சொருகியது, அவ்வளவுதான். "டேய் அருணு!" என்று அவள் கத்தியது கேட்டது. நடுவில் இருந்த சிமென்ட் கட்டையில் மோதினோம். எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. அவளுக்கு முன்கையில் இரண்டு எலும்பும் போச்சு. அடுத்த மாதம் பிளஸ் டூ பரீட்சை.

ஆஸ்பத்திரிக்கு அப்பா ஓடி வந்தார். "எப்டிமா ஆச்சு?"

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு, "நாய் குறுக்க வந்துடுச்சுப்பா" என்றாள்.

நான் ஏன் வாயைத் திறக்கல?

பிப்ரவரி 7

அப்பா கீழ்பென்னாத்தூர் வேன் ஓட்டுகிறார். ஸ்டாண்ட் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார் — அடிபட்ட காலோடு நான் அக்காவைத் தூக்கிக்கொண்டு ஓடினேனாம். அவளை ஆட்டோவில் ஏற்றியது யாரோ ஒரு பூக்காரம்மா. நான் ரோட்டோரம் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன்.

ராத்திரி அம்மா என் தட்டில் ரெண்டு முட்டை வைத்தாள். "புள்ள பயந்து போயிருக்கான்." எதிரே அக்கா இடது கையால் ஸ்பூனைப் பிடித்துச் சிந்திச் சிந்திச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 12

பௌர்ணமி. கிரிவலக் கூட்டம், லோடு ஜாஸ்தி. மாத்திரையும் ஜாஸ்தி. போட்டால் அந்த வளைவு கொஞ்ச நேரம் மறைகிறது.

பிப்ரவரி 16

பரீட்சையில் அக்கா சொல்லச் சொல்ல ஒரு டீச்சர் எழுதுவாராம். "அக்கவுண்டன்சி கணக்கெல்லாம் எப்டிம்மா வாயால சொல்றது?" என்று அம்மாவிடம் அழுதாள். அம்மா கடைக்குப் போனதும் பக்கத்தில் போய், "நாய்னு சொன்னதுக்கு தேங்க்ஸ்க்கா" என்றேன்.

புத்தகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "உனக்காகச் சொல்லல. பெத்த புள்ள போதையில ஓட்டினான்னு அப்பா கேக்கக் கூடாதுனு சொன்னேன்."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எவ்வளவு நாளாக? கேட்கத் தைரியம் வரவில்லை.

பிப்ரவரி 18

விட்டுடலாம்னு பார்த்தேன். வேர்க்குது, குளிருது, வயிறு பிசையுது. ஜுரமோ என்று அம்மா நெற்றியில் கை வைத்தாள். தட்டிவிட்டேன். அம்மா கைய. அப்புறம் செழியனைத் தேடிக்கொண்டு போனேன். சீ.

பிப்ரவரி 24

அக்காவின் மாவுக்கட்டைக் காட்ட ஆஸ்பத்திரி. அப்பாவும் வந்தார். அக்காவுக்குச் சீட்டு வாங்கியதும் நகர வேண்டியவன் நகரவில்லை.

"எனக்கும் ஒண்ணு."

"உனக்கு இன்னா?" கவுன்ட்டரில் இருந்த பெண்மணி கேட்டார்.

முணுமுணுத்தேன். "சத்தமா சொல்லு தம்பி, கேக்கல."

"போதை மாத்திரை போடறேன். அத விடணும்."

வரிசையே திரும்பியது. எனக்குப் பின்னால் அப்பா.

அடிப்பார் என்று நினைத்தேன். "அன்னிக்கும் போட்டுட்டுதான் ஓட்டினியா?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அவளும் தலையாட்டினாள். அப்பா கர்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்தார், ரொம்ப நேரம். பிறகு மனநலப் பிரிவு பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் பெயரைக் கூப்பிட்டபோது அவரும் எழுந்தார்.

மார்ச் 3

அக்காவுக்கு முதல் பரீட்சை. அம்மாவோடு பஸ்ஸில் போனாள். நான் வீட்டில் படுத்திருக்கிறேன். கேன் வேலையை விட்டாச்சு.

மார்ச் 10

அப்பாவோடு மருந்து வாங்கப் போனேன். வழியில் ஸ்டாண்டில் டீ. இன்னொரு வேன் டிரைவர் பலராமன், பக்கத்தில் இருந்தவரிடம் என்னைக் காட்டி, "இவன்தான்யா, அக்காவத் தூக்கினு ஓடின புள்ள" என்றார்.

அப்பா கிளாஸைக் கீழே வைத்தார். "இல்ல பலராமா. தூக்கினது வேற யாரோ. இவன் கீழ தள்ளினவன்."

எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது. அப்பாவின் கழுத்து சிவந்திருந்தது. அவருக்கும்தானே வெட்கம்? "டீ ஆறுது, குடி" என்றார் என்னிடம். "லேட்டா போனா டாக்டர் கிளம்பிடுவாரு."

மார்ச் 21

இன்று பழைய மாத்திரை ஒன்று போட்டுவிட்டேன். அப்பாவிடம் நானே சொன்னேன். "நாளைக்கே டாக்டர்கிட்ட போலாம்" என்றார்.

ஏப்ரல் 2

மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். அக்காவின் கை குச்சியாய் இளைத்து, தோல் உரிந்து, பேனா பிடித்தால் நடுங்குகிறது. அக்கவுண்டன்சி சரியாக எழுதவில்லை என்கிறாள். ரிசல்ட் வந்தால்தான் தெரியும். தினமும் விரல்களை மடக்கி நீட்டிவிட வேண்டும். அம்மாதான் செய்வாள். இன்று அம்மா வரத் தாமதம். அக்கா என் எதிரில் வந்து உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"வலிச்சிடுமோனு பயமா இருக்குதுக்கா."

"எனக்கும்தான். புடி."