மாத்திரையா, மிட்டாயா?

ஜூன் 3, செவ்வாய்

சங்கத்தின் பலகை இன்று எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. தையற்கடை அக்கா அதை ஸ்கூட்டரில் முன்னால் நிறுத்தி, அது வழியை மறைத்ததால் கழுத்தை ஒடித்து ஒடித்துப் பார்த்தபடி ஓட்டி வந்தார். விபத்துத் தடுப்புச் சங்கத்தின் பொருளாளர்.

குழந்தை விபத்துத் தடுப்புச் சங்கம். நிர்வாகக் குழுவில் நான்கு பேர். தலைவர் மருந்துக்கடைக்காரர். செயலாளர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பொருளாளர் அக்கா. கடைசியாக நான். யாருக்கும் சம்பளம் கிடையாது, டீ உண்டு. போன மாதம் அவர்கள் நடத்திய கூட்டத்தில் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கேள்விமேல் கேள்வி கேட்டேன். பதில் சொல்லி மாளவில்லை, என்னையே குழுவில் சேர்த்துக்கொண்டார்கள்.

பலகை என்றால் பச்சைத் துணி போர்த்திய நீள அட்டை. அதில் வரிசை வரிசையாக நிஜ மாத்திரையும் நிஜ மிட்டாயும் கலந்து ஒட்டியிருக்கும். மேலே கொட்டை எழுத்தில், 'மாத்திரையா, மிட்டாயா?' பெற்றோரைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். இதுவரை ஒருவர்கூட எல்லாவற்றையும் சரியாகச் சொன்னதில்லை. அதுதான் பலகையின் பெருமை.

சங்கத்துக்கு அலுவலகம் இல்லை. மருந்துக்கடைப் பின்னறையில் இருமல் மருந்துப் பெட்டிகளின்மேல் உட்கார்ந்துதான் கூட்டம். அதனால் பலகை கடைசியாகச் சேர்ந்தவர் வீட்டில் இருக்க வேண்டுமாம். வழக்கமாம். அதாவது, ஒரு குழந்தை எட்டி எடுத்துத் தின்ன வசதியாக ஒட்டிவைத்த மாத்திரைகள் எல்லாம், குழுவிலேயே சின்னக் குழந்தை உள்ள ஒரே வீட்டில்.

"வாத்தியார் வீட்டுல வைக்கலாமே ஐயா?" என்று போனில் கேட்டேன்.

"அவர் வீட்டுல பூனை இருக்கும்மா" என்றார் தலைவர்.

ஜூன் 4, புதன்

படுக்கையறை பீரோவுக்கு மேல், பெரிய சூட்கேஸுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். இவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அங்க ஏற நம்ம பொண்ணு என்ன பல்லியா?"

பல்லி இல்லை. ஆனால் நாற்காலி இழுக்கத் தெரியும். நாற்காலியை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்ப் போட்டேன். இப்போது நாங்கள் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.

ஜூன் 10, செவ்வாய்

கூட்டம். நான் ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன்: நிஜ மாத்திரைகளை எடுத்துவிட்டுப் பொம்மை மாத்திரை ஒட்டலாம்.

"பொம்மை மாத்திரைக்கு யாரும்மா பயப்படுவா?" என்றார் தலைவர்.

"எனக்கு பயமா இருக்கு ஐயா."

"உங்களுக்கு எல்லாத்துக்கும் பயம். அதுக்குத்தானே சேர்த்தோம்."

அக்கா எனக்குப் பரிந்து பேசினார். கடையில் சட்டைப் பொத்தான் நிறைய மிச்சம் கிடக்கிறதாம், சாயம் பூசி ஒட்டிவிடலாமாம். வாத்தியார் மூக்குக்கண்ணாடியை இறக்கினார். "பொத்தான் தொண்டையில சிக்கும். அதுக்குன்னு போன வருஷம் தனியா ஒரு துண்டறிக்கையே போட்டிருக்கோம். மறந்துட்டீங்களா?"

தீர்மானம் தோற்றது. வரும் வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளி பள்ளியில் பெற்றோர் கூட்டம். பலகையைக் கொண்டுவருவது என் பொறுப்பு.

ஜூன் 14, சனி

இன்று ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் சங்கத்தில் இதைச் சாதனை என்பார்கள்.

ஜூன் 21, சனி

வீட்டுக்கு வந்துவிட்டோம். தூங்குகிறாள். மூச்சு வருகிறது. பார்த்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தேன். மறுபடி போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

வியாழன் சாயங்காலம். மறுநாள் பள்ளிக்கு எடுத்துப்போக வசதியாக இருக்கட்டும் என்று இவர் பலகையை இறக்கி, வாசல் கதவோரம் சாய்த்து வைத்திருக்கிறார். உதவிதான் செய்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம்? பாவாடை, சட்டை, ரெண்டு துண்டு — அவ்வளவுதான். திரும்பினால் பலகைக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்து வாயைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். மூன்றாவது வரிசைக் கடைசியில் ஓர் ஓட்டை. ரோஸ் நிற உருண்டை இருந்த இடம்.

பிடுங்கவில்லை. நக்கியே கோந்தைக் கரைத்திருக்கிறாள்.

எங்கள் துண்டறிக்கையில் உண்டு: தின்றதன் மிச்சத்தைக் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லவும். இவர் முழுப் பலகையையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அவசரப் பிரிவு வாசலில் காவலாளி மறித்தார். "விளம்பரம் எல்லாம் உள்ள வைக்கக்கூடாது சார்."

டாக்டர் சின்னப் பெண். என்னைவிட இளையவளாக இருக்கும். பாப்பாவிடம் கேட்டாள்:

"என்னடா சாப்பிட்ட?"

"முட்டாய்."

"என்ன கலர்?"

"அம்மா கலர்."

டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் சாம்பல் நிறத்தில் இருந்தேன்.

தலைவருக்குப் போன் போட்டேன். "மூணாவது வரிசைக் கடைசி. ரோஸ் உருண்டை. என்ன அது?"

போனிலேயே வரிசைகளை முணுமுணுத்து எண்ணினார். பிறகு சொன்னார்: "ரோஸ் உருண்டை ரெண்டு ஒட்டினேன்மா. ஒண்ணு மிட்டாய். ஒண்ணு சர்க்கரை வியாதி மாத்திரை."

"எது எங்க ஐயா?"

"அது தெரியக்கூடாதுன்னுதானேம்மா பாத்துப் பாத்து ஒட்டினேன்."

கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு வந்தார். பலகை ஆஸ்பத்திரி நடையில் சுவரோடு சாய்ந்திருந்தது. மிச்சமிருந்த ரோஸ் உருண்டையை, முதல் வரிசையில் இருந்ததை, குனிந்து உற்றுப் பார்த்தார். மோந்தார். எத்தனை வருஷமாக மருந்து விற்கிறவர். அப்புறம் முழங்கால் போட்டு உட்கார்ந்து அதை நக்கினார். மாத்திரையின் மேல்பூச்சும் இனிக்குமாம், அதனால் முடிவுக்கு வர முடியாதாம். நகத்தால் நெம்பி எடுத்து வாயில் போட்டுக் கடித்தார். போவோர் வருவோர் எல்லாம் நின்று பார்த்தார்கள்.

"மிட்டாய்" என்றார். அழுதுவிட்டார்.

அது மிட்டாய் என்றால் இவள் தின்றது —

டாக்டர் அதைக் கேட்டதும் நடக்கவில்லை, ஓடினாள். குழந்தையின் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடுமாம். இறங்கிக்கொண்டே இருக்குமாம். புறங்கையில் ஊசி போட்டு குளுக்கோஸ் ஏற்றினார்கள். விரலைக் குத்திக் குத்திப் பார்த்தார்கள். ஒருமுறை ரொம்ப இறங்கிவிட்டது. கூப்பிட்டேன், கண்ணைத் திறக்கவில்லை. பாப்பா, பாப்பான்னு கத்துறேன், திறக்கவே மாட்டேங்குறா. என் குரல் எனக்கே கேட்கலை. சாமி பேர் ஒண்ணுகூட ஞாபகம் வரலை, துண்டறிக்கை வரிதான் வருது. பதற்றம் வேண்டாம். பதற்றம் வேண்டாம். யார் எழுதினது அதை?

வாத்தியார்தான்.

வெள்ளி மதியம் எழுந்து உட்கார்ந்து இன்னொரு மிட்டாய் கேட்டாள்.

ஜூன் 22, ஞாயிறு

அவசரக் கூட்டம். பாப்பாவை இடுப்பைவிட்டு இறக்காமல் போனேன்.

பள்ளி நிகழ்ச்சியை அடுத்த வெள்ளிக்குத் தள்ளியாகிவிட்டது. காரணம் என்ன போடுவது என்பது முதல் விவாதம்.

"உடல்நலக் குறைவு காரணமாகன்னு போடலாம்" என்றார் வாத்தியார்.

"யாருக்குன்னு கேட்டா?" — அக்கா.

"பொதுவா."

பிறகு என் பக்கம் திரும்பினார். "இது நாலு சுவத்துக்குள்ள இருக்கட்டும்மா. தடுப்புச் சங்கத்துக்காரங்க வீட்டுலயே தடுக்க முடியலன்னா நாளைக்கு எவன் நம்ம பேச்சைக் கேப்பான்? உங்களுக்கும்தானே அசிங்கம்?"

எனக்கும்தான். அவர் சொன்னது தப்பில்லை. நேற்றிலிருந்து நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அத்தை போனில், "இவ்வளவு படிச்சு என்ன?" என்று மட்டும் கேட்டார். கேட்டுவிட்டு அவரும் அழுதார்.

தலைவர் எதிலும் கலந்துகொள்ளவில்லை. பலகையை மடியில் போட்டுக்கொண்டு ஸ்க்ரூடிரைவரால் மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்துக்கொண்டிருந்தார். லேசில் வரவில்லை. துணியும் சேர்ந்து கிழிந்தது. தீர்மானம் எதுவும் போடாமலே செய்தார். வாத்தியாருக்கு அதுவும் வருத்தம்.

"வெள்ளிக்கிழமை யார் பேசறது?" என்று அக்கா கேட்டார்.

"நான் பேச மாட்டேன்" என்றார் தலைவர். தலையை நிமிர்த்தவில்லை. "இந்தம்மா பேசட்டும். என்ன பேசணும்னு யாரும் சொல்லிக் குடுக்க வேண்டாம்."

ஜூன் 25, புதன்

இவர் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. இன்று கை கழுவும்போது முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார்: "பேசும்போது, அவர்தான் கீழ இறக்கி வச்சார்னு சொல்லிடு. உன்மேல பழி வர வேணாம்."

"இறக்கி வச்சோம்னு சொல்றேன்."

குழாயை மூடாமல் நின்றுகொண்டிருந்தார்.

ஜூன் 26, வியாழன்

பேச வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். பொதுவாக ஏதாவது சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். நாளைப்பின்னே அந்தத் தாய்மார்களைத்தானே தினமும் பள்ளி வாசலில் பார்க்க வேண்டும். பாப்பாவும் அங்கேதானே படிக்கப் போகிறாள். 'மாத்திரைக்காரி மகள்' என்பார்கள்.

ஜூன் 27, வெள்ளி

பள்ளிக்கூடத்தில் கூட்டம் சுமாராக இருந்தது. பிள்ளைகள் உட்காரும் குட்டி பெஞ்சுகளில் தாய்மார்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேடையில் பலகை இல்லை. வாத்தியார் குறிப்பேட்டைத் திறந்துவைத்து வந்தவர் போனவர் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

பொதுவாகத்தான் ஆரம்பித்தேன். மருந்துகளை எட்டாத உயரத்தில் வையுங்கள் என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்குத் தெரிந்த தலையாட்டல். நானும் போன மாதம் அப்படித்தான் ஆட்டினேன்.

"நாங்களும் உயரத்துலதான் வச்சிருந்தோம்" என்று வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. சொன்னேன். பீரோ, சூட்கேஸ், மொட்டைமாடியில் வெயில் காயும் நாற்காலி, எல்லாம். ஒரே ஒரு சாயங்காலம் கீழே இறக்கி வைத்தோம் என்றேன். கண்ணைத் திறக்கவில்லை என்றேன். குரல் உடைந்தது, உடைந்தபடியே பேசினேன். போன் பார்த்தவர்கள் நிமிர்ந்துவிட்டார்கள். சிலர் என்னைப் பார்த்த பார்வை நான் பயந்த பார்வைதான். பரவாயில்லை.

நடு பெஞ்சில் ஒரு பெண். மஞ்சள் சுடிதார். முதலில் வாய் பொத்திக் கேட்டுக்கொண்டிருந்தாள். 'கீழே இறக்கி வைத்தோம்' என்ற இடத்தில் அவள் கை மெதுவாக இறங்கியது. பக்கத்தில் இருந்தவளிடம் கிசுகிசுத்தாள். மேடைக்கே கேட்டது.

"எங்க வீட்டுல இன்னிக்கு பெயின்ட் அடிக்கிறாங்க. அலமாரில இருந்தது எல்லாம் கூடத்துல தரையில கிடக்கு. மாமாவோட மருந்து டப்பா... சின்னவன் அங்கதான்..."

எழுந்தாள். குட்டி பெஞ்ச் கவிழ்ந்தது. செருப்பு ஒன்று கழன்றது, எடுக்கவில்லை. ஓடிவிட்டாள்.

கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது வாத்தியார் எழுதியதை எட்டிப் பார்த்தேன். 'ஒருவர் பேச்சின் நடுவிலேயே வெளியேறினார்' என்று குறித்திருந்தார். எனக்குச் சங்கடமாக இருக்கும் என்று நினைத்துப் பக்கத்தை மூடப் போனார்.

"இருக்கட்டும் சார்" என்றேன்.