பிளாக்வாட்டர் ஃபீவர்

அண்ணே,

இன்று காலை நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில், குளிர்காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொய்னா மருந்தைக் குப்பிகளில் ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்தக் கசப்பு வாடை மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது. அன்று உன் பாயைச் சுற்றிலும் இதே வாடைதான்.

சக்குபள்ளத்து ஏலத்தோட்டத்தில் நீ துரையின் குதிரைக்காரன். துரைமார் பேசும் இரட்டைச் சொற்களைப் பொறுக்கிக்கொண்டு வந்து எனக்கும் மதினிக்கும் சொல்லிச் சிரிப்பாய். "கரையான் அவுகளுக்கு 'ஒயிட் ஆன்ட்'டாம்லே. வெள்ளை எறும்பு! 'ஹார்ஸ் ஃப்ளை'ன்னு தொரை கத்துனாரு. குதிரை பறக்குதோன்னு நான் அண்ணாந்து பாக்கேன், அது ஈயி!" மதினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

அந்த மழைக்காலத்தில் குளிர்காய்ச்சல் உன்னை விடவே இல்லை. நான் கம்பத்துக்கு ஏலமூட்டை கொண்டுபோயிருந்தபோது உன் மூத்திரம் கடுங்காப்பியாகக் கறுத்துவிட்டது. மதினி சட்டியோடு எடுத்துக் காட்டினாளாம். வெள்ளைக்கார டாக்டர் குதிரையை விட்டு இறங்காமலே, "பிளாக்வாட்டர் ஃபீவர்" என்று கணக்கப்பிள்ளையிடம் சொல்லி, கொய்னாவை நிறுத்தச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பிளாக் என்றால் கறுப்பு, வாட்டர் என்றால் தண்ணீர். அவ்வளவுதான் கணக்கப்பிள்ளைக்குத் தெரியும்.

"கறுத்த தண்ணி குடிச்சு வந்த காய்ச்சலாம். இனி ஒரு சொட்டுத் தண்ணி குடுக்கப்படாது. குடுத்தா உன் புருசன் செத்தான்" என்றாராம் மதினியிடம்.

நான் திரும்பி வந்தபோது உன் உதடு வெடித்திருந்தது. கூரைத் தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஒழுகும் இடத்துக்கு நேராக நீ கையை நீட்டினாய். அழுதுகொண்டே மதினி பாயை ஒழுகாத பக்கம் இழுத்துப் போட்டாள்.

"தம்பி, நீயாவது குடுலே."

செம்பை எடுத்தேன். மதினி பாய்ந்து வந்து தட்டிவிட்டாள். "கொழுந்தனாரே, அவரக் கொன்னுராதீக!"

தண்ணீர் மண்தரையில் ஓடியது. அது ஊறி மறையும்வரை நீ அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். விடிவதற்குள் போய்விட்டாய்.

உன் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். டாக்டர் அடுத்த முறை வந்தபோது குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கணக்கப்பிள்ளை தண்ணீரை நிறுத்திய கதையை அவரிடம் பெருமையாகச் சொன்னார். டாக்டர் விழித்தார். பிறகு துரையிடம் ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள். எதற்கென்று புரியாமலே கணக்கப்பிள்ளையும் சேர்ந்து சிரித்தார். சிரித்து முடித்ததும், லயத்து வீட்டைக் காலி செய்யும்படி மதினிக்குச் சொல்லியனுப்பினார்கள்.

அவளை அழைத்துக்கொண்டு கம்பம்மெட்டு வழியாக மலையிறங்கினேன். இப்போது கம்பத்தில் என்னோடுதான் இருக்கிறாள். இங்கே என் ஆஸ்பத்திரி டாக்டர் தமிழர். அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று ஒருநாள் அவரிடம் கேட்டேன். கறுத்துப் போகிற மூத்திரத்தைத்தான் அப்படிச் சொல்வார்களாம். "நிறையத் தண்ணி குடுக்கணும்ப்பா. அப்படிப் பொழச்சவங்களும் உண்டு" என்றார்.

உன்னைப் பற்றி யாராவது கேட்டால் மதினி நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வாள். "நாக்குல ஒரு சொட்டு படாமக் காத்தேன். அதனாலதான் அவுக ரெண்டு நாள் கூடுதலா இருந்தாக. என்ன கொழுந்தனாரே?" என்று என் முகத்தைப் பார்ப்பாள்.

"ஆமா மதினி" என்கிறேன், அண்ணே.