முடியாது என்றால் என்ன செய்வது?

என்னங்க,

தையல் கடைக்குக் கிளம்பிவிட்டேன். குழம்பைச் சுட வைத்துச் சாப்பிடுங்கள்.

பெண்களிடம் மரியாதையாகப் பழகுவது எப்படி என்று இளைஞர்களுக்கு வகுப்பெடுக்கிறீர்களே, அதில் ஒருவன் உங்களைத் தேடி வந்தான். "சினிமாவுக்குக் கூப்பிட்டேன், முடியாதுன்னுட்டா. இப்ப என்னக்கா பண்றது?" என்றான். "சரின்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போ. நச்சரிக்காத, மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத" என்றேன். அப்படியே எழுதிக்கொண்டான். இதற்கா நீங்கள் ஒன்றரை மணி நேரம் தொண்டை கிழியக் கத்துகிறீர்கள்? நோட்டை மறந்துவிட்டுப் போயிருக்கிறான், டிவி பக்கத்தில் இருக்கிறது.

பி.கு.: என்னை ஒரு வார்த்தை கேட்காமல் உங்கள் அண்ணன் குடும்பத்தை ஒரு மாதம் தங்க அழைத்துவிட்டீர்கள். நேற்றுச் சண்டை இன்னும் முடியவில்லை. சாயங்காலம் முறையாகக் கேளுங்கள். முடியாது என்றுதான் சொல்வேன்.

அப்புறம் என்ன செய்வதென்று அந்த நோட்டில் இருக்கிறது.