தாழ்ப்பாள் இல்லாத ஆஸ்பத்திரி

ஏப்ரல் 8, 2025, செவ்வாய்

என் மகள் ஷம்ஷாத்துக்கு அநியாயம் நடந்திருக்கிறது. பிள்ளை இல்லை என்று ஆறு வருடமாக அவளை மட்டும் சோதித்தார்கள். அவள் புருஷன் ரஷாத்தை ஒருவரும் ஒரு முறைகூடச் சோதிக்கவில்லை.

ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். கருக்குழாயில் மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். அன்று மலையேறி வரும்போது ஒவ்வொரு வளைவிலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். எல்லாவற்றிலும் ‘நார்மல்’. நார்மலான ஒருத்தியை இவ்வளவு காலம் நோயாளியாக வைத்திருந்த பெருமை நம் மருத்துவத்துக்கு உண்டு.

இன்று மலைக்குக் கீழே வத்தலக்குண்டு பெரியாஸ்பத்திரியில், புதிதாக வந்திருக்கும் நர்ஸ் வீரம்மாள் ரிப்போர்ட்டுகளைப் புரட்டிவிட்டு, “வீட்டுக்காரர் ரிப்போர்ட்டு எங்கம்மா?” என்றார். ஷம்ஷாத் என்னைப் பார்த்தாள். நான் ரஷாத்தைப் பார்த்தேன். ரஷாத் மின்விசிறியைப் பார்த்தான்.

ரஷாத் வேறு யாருமில்லை, என் தங்கை மைமூன் மகன். தேனிலவு ஜோடிகளை ஏற்றிக்கொண்டு கொடைக்கானலைச் சுற்றிக்காட்டும் டாக்சிக்காரன். “எனக்கென்ன மாமா கோளாறு? வெள்ளனே எந்திரிச்சா ராத்திரி வரைக்கும் வண்டி ஓட்டுறேன்ல?” என்கிறான். வண்டி ஓட்டத் தெரிந்தால் போதும் என்றால், மலைப்பாதை பஸ் டிரைவர்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு டஜன் பிள்ளை இருக்க வேண்டும்.

ஏப்ரல் 9

மைமூன் கடைக்கு வந்தாள். “பக்ரீதுக்குள்ள ஒரு சேதி வரலேன்னா, அவனுக்கு வேற பொண்ணு பாக்கணும்ண்ணே. தப்பா எடுத்துக்காதீங்க” என்றாள். சரியாகத்தான் எடுத்துக்கொண்டேன். அவள் எடுத்த சால்வைக்கு முழு விலையும் வாங்கினேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஏரிக்கரைப் பக்கம் ஒரு ஓட்டலில் தனியார் கருத்தரிப்பு மையம் இலவச முகாம் நடத்தியது. வாசலில் பலூன். பேனரில் ஒரு குழந்தை — எங்கள் மலையில் எந்த வீட்டிலும் அந்த நிறத்தில் பிறந்ததில்லை. கையில் கேக்கும் காபியும் கொடுத்தார்கள். ஷம்ஷாத்துக்கு ரோஜாப்பூ.

ஷர்மிளா என்று ஒரு பெண். ஆலோசனை சொல்கிற கவுன்சிலராம். ரிப்போர்ட்டைப் பிரிக்கவே இல்லை. “நேரா ஐ.வி.எஃப். போயிரலாம் அங்கிள். சீசன் ஆஃபர் இருக்கு.”

“கோளாறு யார்கிட்டன்னே தெரியலையேம்மா. அதுக்குள்ள எப்படி வைத்தியம்?”

“பேக்கேஜ் போட்டா அந்த டெஸ்ட்டும் உள்ளேயே வந்துரும் அங்கிள்.”

நான் ஸ்வெட்டர் வியாபாரி. ஆளை அளந்து பார்க்காமல் சட்டையை மாட்டிவிடுகிறவனை எனக்குத் தெரியும். எழுந்துவிட்டேன். கேக் நன்றாக இருந்தது, அதைச் சொல்லாவிட்டால் பாவம்.

அரசாங்கம் டாக்டரைக் கீழே வைத்திருக்கிறது. தனியார் மலைக்கு மேலே வருகிறான், பலூனோடு. யாருக்கு எங்கள் மேல் அக்கறை அதிகம் என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்ல?

மே 2, வெள்ளி

ரஷாத்தைக் கிளப்பிவிட்டேன். மூன்று நாள் பேசாமல் இருந்தேன், கிளம்பினான்.

இந்தப் பரிசோதனைக்கு ஒரு சட்டம். விந்து மாதிரி எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் லேபில் இருக்க வேண்டும். “வீட்டுல எடுத்துக் கொண்டாரலாம், ஒண்ணும் பிரச்சினையில்ல” என்று சுவரில் ஒட்டியிருக்கிற அறிவிப்பின் தோரணையில் சொன்னார் லேப்காரர் செந்தில்வேல். யாருடைய வீட்டில் இருந்து? கோடை சீசனில் எங்கள் வண்டி ஊரைத் தாண்டவே ஒரு மணி நேரம். வத்தலக்குண்டு வருவதற்குள் அது வெறும் தண்ணீர்.

“அப்ப இங்கனயே எடுங்க.”

“இங்க எங்க?”

“பாத்ரூம் கெடக்குல்ல?”

கிடந்தது. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஒரு கயிறு. உள்ளே போனவன் அதைக் கையில் இழுத்துப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். மீதி வேலைக்கு இன்னொரு கை. வெளியே வயிறு சரியில்லாத ஒருவர், “ஏலே, உள்ள தூங்கிட்டியா? வெரசா வாடா!” என்று கதவை உதைத்தார்.

ரஷாத் காலி டப்பாவோடு வந்தான். திரும்பி மலையேறினோம். பெருமாள்மலை வந்ததும், “மாமா, ரெண்டு வருசம் முன்னாடி நானே ஒருநாள் தனியா வந்தேன். இதே கயிறுதான். அப்புறம்தான் வரமாட்டேன்னேன்” என்றான்.

வந்தானாமே! வாய் இல்லையா இவனுக்கு? அதைச் சொல்லாமல் என் பிள்ளையை மாத்திரை விழுங்கவிட்டானே. என் கோபம் போகவில்லை. ஆனால் அதில் ஒரு பங்கை ஆஸ்பத்திரிக்கு மாற்றி எழுதிவிட்டேன்.

மே 5, திங்கள்

சுகாதாரத் துறைக்கு மனு போட்டேன். நாலாம் வகுப்போடு வீட்டில் என் படிப்பை நிறுத்தினார்கள். மிச்சத்தை நானே கற்றுக்கொண்டது இந்த மாதிரி நாட்களுக்குத்தான். ‘கேட்பது குழந்தை அல்ல. ஒரு தாழ்ப்பாள், ஒரு நாற்காலி, கதவில் யாரும் தட்டாத கால் மணி நேரம்.’

மே 15, வியாழன்

பதில் வந்துவிட்டது. ‘மனுதாரர் குறிப்பிடும் மருத்துவமனையில் ஆண்களுக்கெனத் தனிக் கழிப்பறை வசதி செய்யப்பட்டுள்ளது.’ மறுபடியும் எழுதினேன். விடுவதாக இல்லை.

மே 19, திங்கள்

பக்ரீத் வரப்போகிறது, தாழ்ப்பாள் வரக் காணோம். ஆஸ்பத்திரிக்கு எதிரே லாட்ஜில் அறை எடுப்பது என்று முடிவு செய்தேன். முதல் லாட்ஜில், பெட்டி இல்லாமல் பகலில் அறை கிடையாது என்றார்கள். இரண்டாவதில் மேனேஜர் ரஷாத்தின் ஆதாரைப் பார்த்தார்.

“கொடைக்கானலா? அங்கேதானே எல்லாரும் ரூம் போட வருவாய்ங்க. நீங்க அங்கேருந்து இங்கயா?”

ஷம்ஷாத் முக்காட்டை இழுத்துக்கொண்டாள்.

“கல்யாணமானவங்கதான். நான் பொண்ணோட அத்தா” என்றேன்.

அவர் இன்னும் பயந்துவிட்டார். “பெரியவரே, நீங்களே கூட்டிட்டு வந்து... இது குடும்பங்க வந்து போற லாட்ஜுங்க.”

நிக்காஹ் சான்றிதழைக் காட்டினேன். ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினேன். சீட்டைப் படித்தவர் என் முகத்தைப் பார்க்காமல் சாவியை நீட்டினார். “மேல போங்க தம்பி. கதவு நல்லாப் பூட்டும்.”

நான் வரவேற்பறையில் தினசரியை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கடைசிவரை அதே பக்கம்தான் விரிந்திருந்தது. ரஷாத் சட்டைக்குள் டப்பாவை வைத்துக்கொண்டு சாலையைக் கடந்து லேபுக்கு ஓடினான். என் ஊரில் எத்தனை அறை! தேனிலவு அறை, ஏரி தெரியும் அறை, மேகம் உள்ளே வரும் அறை. கொடைக்கானல்காரன் ஒரு பிள்ளைக்காக மலையிறங்கி வந்து, மூட்டைப்பூச்சி லாட்ஜில் அறை கேட்டான். இதைச் சுற்றுலாத் துறை விளம்பரத்தில் போடலாம்.

ஜூன் 9, திங்கள்

பக்ரீத் பிரியாணி செரிப்பதற்குள் ரிப்போர்ட் வந்தது. உயிரணு மிகக் குறைவு. டாக்டரம்மா மகாதேவி அவனைப் படுக்கவைத்துப் பார்த்தார். விதைப்பை ரத்தக்குழாய் வீங்கியிருக்கிறதாம். இன்னொரு முறை சோதித்துவிட்டு, சின்ன ஆபரேஷன். இங்கேயே செய்யலாம், காப்பீட்டு அட்டை போதும். “பலன் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஆனா இதை முன்னாடியே பார்த்திருக்கணுங்க” என்றார். பார்த்திருக்க வேண்டியவர்களில் ஒருவரும் அப்போது அறையில் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மைமூன், “அந்த மெஷின் பழசா இருக்கும்ண்ணே” என்றாள்.

நான் பதில் சொல்லத் தயாராக இருந்தேன். வழியெல்லாம் தயார் செய்த பதில். ரஷாத் முந்திக்கொண்டான். “மெஷின் புதுசும்மா. கோளாறு எனக்கு. இனி பொண்ணு பாக்குற பேச்சு இந்த வீட்டுல வேணாம்.”

ஷம்ஷாத் அடுப்படிக்குப் போய்விட்டாள். அழுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், சிரிக்கிற சத்தம்.

ஜூன் 23

மறுபரிசோதனை. அதே லாட்ஜ். மேனேஜர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். இந்த முறை ரிப்போர்ட் சாயங்காலமே வந்தது. அதுவும் அதேதான்.

ஜூலை 3, வியாழன்

என் மனுவுக்கு வெற்றி! ஆஸ்பத்திரியில் ‘மாதிரி சேகரிப்பு அறை’ திறந்துவிட்டார்கள். ரிப்பன் வெட்டி, இனிப்பு கொடுத்து, வாசலில் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்களாம். பார்க்கப் போனேன். தாழ்ப்பாள் உள்ளே இருக்கிறது. வெளியே பூட்டு. சாவி கண்காணிப்பாளரிடம். அவர் விடுப்பில்.

ஜூலை 14, திங்கள்

நாளை ரஷாத்துக்கு ஆபரேஷன். செய்ய வேண்டியவை, செய்ய வேண்டியவர்கள்:

கண்காணிப்பாளர்: சாவியை லேபில் கொடுக்க வேண்டும். கொடுக்கும்வரை வாரம் ஒரு மனு வரும்.

சுகாதாரத் துறை: மலைமேல் இருக்கிற ஆஸ்பத்திரியிலேயே இந்த ஒரு பரிசோதனையைச் செய்ய வேண்டும். மைக்ராஸ்கோப் மலையேறினால் வாந்தி எடுக்காது.

டாக்டர்கள்: பிள்ளை இல்லை என்று வந்தால், முதல் நாளே இரண்டு பேரையும் உட்காரச் சொல்ல வேண்டும்.

மைமூன்: ஷம்ஷாத் கழுத்தில் கட்டிய தாயத்தைக் கழற்ற வேண்டும். வேண்டுமானால் தன் மகனுக்குக் கட்டிக்கொள்ளட்டும்.

ரஷாத்: இரவு சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. பயமாக இருந்தால் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

நான்: அவனோடு முதல் பஸ்ஸில் போக வேண்டும். கையெழுத்துப் போட வேண்டும். கடைக்கு லீவு.

ஷம்ஷாத்: ஒன்றும் செய்ய வேண்டாம். நாளைக்கு அவள் மலையிறங்க வேண்டியதில்லை. தூங்கட்டும்.