கழன்று வந்த கரண்டித் தலை

அன்புள்ள செல்லத்துக்கு,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா? சின்னவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

இங்கே ஒரு கூத்து. நாலு பேர் சமைக்கும் எங்கள் கம்பெனி விடுதிச் சமையலறையில் ஒரு வாரமாக நாற்றம். அடுப்பு, தொட்டி எல்லாம் தேய்த்தேன், போகவில்லை. நேற்று நீ கொடுத்தனுப்பிய சிலிகோன் கரண்டியின் தலை கழன்று கையோடு வந்தது. உள்ளே கறுப்பாகக் கசடு!

"கழட்டிக் கழுவணும்னு தெரியாதாண்ணே?" என்று கேட்டார் அறையிலிருக்கும் டிரைவர். வெந்நீர், சோப்பு, எலுமிச்சை எல்லாம் போட்டாயிற்று. வாடை விடவில்லை, கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறேன்.

"ஒரு கரண்டி கழுவ இவ்ளோ நேரமா?" என்று உன்மேல் எரிந்து விழுவேனே, நீ ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. இந்த வாடை எப்படிப் போகும் என்று இப்போதாவது சொல்லேன். திட்டிவிட்டே சொல்.

கம்பெனி வண்டி ஹார்ன் அடிக்கிறது.

உன் வீட்டுக்காரன்